ஆர்வில் விட்ட இடைவெளி

பிட்ஸ்பர்க் இரும்பாலையில் பகலெல்லாம் காது கிழியும் சத்தத்தில் வேலை பார்த்ததால்தான் ஆர்வில் பெட்வே பியானோவில் அமைதியைத் தேடினான் என்று சிலர் கதை கட்டுவார்கள். சுத்தப் புருடா. ஆலைக்குப் போகும் முன்பே, தேவாலயத்தில் வாசித்த வயதிலேயே, பாட்டு நடுவில் கையை எடுத்துவிட்டுத் திட்டு வாங்கியவன் அவன். மற்றவன் பத்து சுரம் போடும் இடத்தில் ஒன்று போடுவான். அது கரைந்து முடிகிற வரை அடுத்ததைத் தொடமாட்டான். பக்கத்திலேயே டிரம்ஸ் வாசித்த எனக்கே பல வருஷம் அது புரியவில்லை.

நாங்கள் வாசித்த ஜாஸ் கிளப்பில் ஒருவர் தனியாக வாசித்து முடித்தால் கைதட்டுவார்கள், உடனே அடுத்தவர் ஆரம்பிப்பார். ஆர்வில் கையை எடுத்தானோ இல்லையோ, முடித்துவிட்டான் என்று ஜனம் தட்டும். சாக்ஸபோன்காரன் ராஸ்கோ பாய்ந்து வந்துவிடுவான். ஆர்வில் மறுபடி தூக்கிய கை அப்படியே மடியில் இறங்கும். ஞாயிறுதோறும் இதே கூத்து. ஒரு தடவையாவது முழுசாக வாசித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எழவு வீடு மாதிரி இருந்தா நான் என்னண்ணே பண்றது?" என்பான் ராஸ்கோ.

"வாய மூடிக்கிட்டு இருடா!" என்பேன்.

ஒரு ஞாயிறு மதியம் வானொலிக்காரர்கள் எங்கள் கிளப்பிலிருந்து நேரடியாக ஒலிபரப்ப வந்தார்கள். அன்றுதான் ஆர்வில் வாய்திறந்து கேட்டான்.

"இன்னிக்கு ஒரு நாள் என்னை விட்டுடுங்கப்பா. நான் தலையாட்டுற வரைக்கும் யாரும் உள்ள வராதீங்க."

ஒலிபரப்பு தொடங்கும் முன் நான் ஜனத்தைப் பார்த்து, "அவன் தலையாட்டாம எவனாச்சும் கை தட்டுனீங்க, குச்சி பறந்து வரும்!" என்றேன். சிரித்தார்கள். ஆனால் கேட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது பாட்டில் ஒரே ஒரு சுரத்தைப் போட்டுவிட்டு ஆர்வில் கையை எடுத்தான். நானும் நிறுத்தினேன், பாஸ் வாத்தியம் வாசித்தவரும் நிறுத்தினார். ராஸ்கோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். தட்டு ஏந்தி வந்த பெண்கூட நடுவழியில் நின்றுவிட்டாள். அப்படியொரு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு, யாரும் எதிர்பாராத இடத்தில் இன்னொரு சுரம். முன்வரிசை அம்மா ஒருத்தி, "அப்படித்தான் சாமி!" என்று முனகினாள். மறுபடி அமைதி. கடைசியில் தலையாட்டினான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல்! அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

நாங்கள் சாமான்களைக் கட்டும்போது வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி வெர்னெல் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? நடுவுல நிறுத்திட்டீங்களே!"

"யாரு நிறுத்துனா?"

"டொய்ங்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்ல. உடனே சோப்பு விளம்பரம் போட்டுட்டான். அது முடிஞ்சா கைதட்டுறாங்க, ராஸ்கோ ஊதிட்டிருக்கான்."

கிளப்பிலிருந்து வரும் ஒலிபரப்புக் கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான், வானொலி நிலையத்தில் உட்கார்ந்திருந்த ஆள். நாசமாய்ப் போக! ராஸ்கோ தலையிலடித்துக்கொண்டான்.

வெர்னெல் கணவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "தெருவே நம்ம வீட்ல உக்காந்து கேட்டுச்சுங்க. நீங்க எப்பத்தான் வாசிச்சீங்க?"

"அந்த சோப்பு விளம்பரம் ஓடுனப்ப" என்றான் ஆர்வில்.