கார் இல்லாதவனுக்கு இன்சூரன்ஸ் இல்லையாம்

வேகமாக ஓட்டித் திரும்பத் திரும்பப் பிடிபட்டதில் என் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். பிழை என்னுடையதுதான்.

எனக்குக் கார் இல்லை. மோட்டல்களுக்குச் சலவைத் துணி கொண்டுபோகும் முதலாளியின் வான் வண்டியைத்தான் ஓட்டுகிறேன். வேலைக்கு மட்டும் ஓட்ட கோர்ட் அனுமதி தரலாம். ஆனால் முதலாளி, "என் இன்சூரன்ஸ் உன்னை ஏற்காது. வெள்ளிக்கிழமைக்குள் நீயே ஒன்று எடுத்து வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன்" என்றுவிட்டார்.

இன்று நான் இருக்கும் ஏவன்டேலில் ரயிலேறி, நகரத்தில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். சென்னைக்காரர்.

"கார் நம்பர் சொல்லுங்க சார்."

"கார் இல்லை மிஸ். நான் ஆரையாவது இடிச்சால் அவையின்ர சேதத்துக்குக் குடுக்கிற இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் காணும்."

"நாங்க காருக்குத்தான் போடுறோம், ஆளுக்கு இல்ல. அதுவும் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆயிருக்கே."

"வேற கொம்பனியள் தருவினமோ?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் தர மாட்டாங்க சார்."

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் கூட நோகச் செய்தது.

திரும்பும் ரயிலில் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இருந்து நடந்து வந்தேன். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது.

இந்த மடற்குழுவில் யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். "ஏன் வேகமாக ஓட்டினாய்?" என்று கேட்க விரும்புவோர் சற்றுப் பொறுக்கவும். வீட்டில் ஒருவர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.