அரை டிகிரியாரின் பேனா

அரை டிகிரியார் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மண்டியிட்டு, வலது கட்டைவிரல் நகத்தால் அந்த ரப்பர் வளையத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். பட்டறையில் மற்றவர்களுக்கு இது தேநீர் நேரம். அவருக்கு வளையம் தள்ளும் நேரம். தள்ளி முடித்ததும் எழுந்து, சுவரில் ஒரு கையை ஊன்றி, வண்டியின் இருக்கையில் ஏறி அமர்கிறார். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுகிறார். பிறகு அடைகாத்த கோழி முட்டையை விட்டு எழுவதுபோல் பதமாக இறங்கி, மறுபடி மண்டியிட்டு, அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். "முப்பது. அச்சு அசலா முப்பது," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொள்கிறார்.

மலைச் சரிவில் மேலிருந்து கீழே பாய்வதற்கென்றே செய்யப்படும் மிதிவண்டி அது. மேலே ஏற அதற்கு வக்கில்லை. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இறங்கும்போது பாறை வந்தாலும் பள்ளம் வந்தாலும் பின்சக்கரம் விட்டுக்கொடுப்பதற்காக நடுவில் ஒரு ஷாக் இருக்கிறது. ஷாக்கின் தண்டில் மாட்டியிருப்பதுதான் அந்த வளையம். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியதோ, அந்த இடத்தில் வளையம் நின்றுவிடும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி. ஆள் ஏறினாலே மொத்த அமுக்கத்தில் முப்பது சதவீதம் அமுங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. புது வண்டியின் ஃபிரேமும் சஸ்பென்ஷனும் அவர் வரைந்தவை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றால், இவருக்குத் தன் குஞ்சின் இறகு ஒவ்வொன்றும் பொன்.

பட்டறையில் அவருக்கு அரை டிகிரியார் என்று பெயர். ஹேண்டில் கழுத்தின் சாய்வை அரை டிகிரி கூட்டலாமா குறைக்கலாமா என்று ஒன்பது மாதம் யோசித்த மனிதரை வேறு எப்படி அழைப்பது? வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் மேசையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். சுவர்ப்படத்தைப் பார்த்து, "அரை டிகிரி இறங்கியிருக்கு," என்பார். "இறங்கட்டும். நீங்க இறங்கி வாங்க, சோறு ஆறுது," என்பார் மனைவி.

சட்டைப் பையில் ஒரு பேனா, காதின்மேல் ஒரு பென்சில். இந்த இரண்டுக்கும் வேலை தனித்தனி. வரைவது, கணக்குப் போடுவது, யோசிப்பது எல்லாம் பென்சிலில். ஏனென்றால் மாற்ற வேண்டி வரலாம். பேனாவுக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்குப் பிறகும் நிரப்புகிற தாளில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு: 'கோளாறுக்குக் காரணம்'. அதில் அவர் அழுத்தமான நீல மையில், 'ஓட்டுபவர்' என்று எழுதுவார். இந்தப் புது வண்டிக்கு மட்டும் இதுவரை பதினோரு தாள்கள். பதினொன்றிலும் ஓட்டுபவர்தான். மறந்தும் அந்தப் பேனாவை யாருக்கும் இரவல் தரமாட்டார். கேட்டால் பென்சிலை நீட்டுவார்.

அந்த ஓட்டுபவர் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தங்கை. பந்தயங்களில் ஓட்டிப் பெயர் எடுத்தவள். கம்பெனியில் சோதனை ஓட்டக்காரி. 'பின்னாடி உதைக்குது' என்று அவள் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மாமா, பள்ளத்துல இறங்கறப்போ பின்சக்கரம் அமுங்கவே மாட்டேங்குது. தூக்கி முன்னாடி எறியுது."

"வளையத்தைப் பாரு. இன்னும் ரெண்டு விரல் மிச்சம் இருக்கு. எவ்வளவு தாங்குது பாத்தியா?"

"மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க? பரண்ல போட்டு வைக்கப் போறீங்களா?"

"நீ பயந்து முன்னாடி சாயறே. அதான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாகக் கட்டியவரே ஆடுகிறவளின் காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வெல்டர் மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டார்: "சார், நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்தா என்ன?" அரை டிகிரியார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார். "பாலம் கட்டறவன் ஆத்துல நீந்தணுமா?" என்றார்.

"நீந்த வேணாம் சார். பாலத்து மேல நடந்தாவது பாக்கலாம் இல்ல?"

இத்தனை வருட வேலையில் அவர் ஒரு சரிவில்கூட இறங்கியதில்லை என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். இறங்கும் வேகத்தை மட்டும் மூன்று தசம இடம்வரை சொல்லுவார்.

பதினோராவது ஓட்டத்தில் மூன்றாவது பள்ளத்தில் வண்டி அவளை ஹேண்டிலுக்கு மேலாகத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு அரை டிகிரியார்தான் முதலில் ஓடி வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். வந்தவர் கட்டிலருகே நின்று கேட்ட முதல் கேள்வி, "எந்த கியர்ல இருந்தே?" என்பது. பக்கத்தில் நின்ற மனைவி அவரைப் பார்த்த பார்வையில் இரும்புகூட உருகியிருக்கும். இவர் உருகவில்லை. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். மறுநாள் பட்டறைக்கு வந்து, பேனாவைத் திறந்து, பதினோராவது தாளிலும் அதே வார்த்தையை எழுதினார்.

அடுத்த இரண்டு மாதமும் தங்கையைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அக்காதான் தலை வாரிவிட்டார். தினமும் காலையில், அவர் கண் முன்னால், சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து. சீப்பு மட்டும் கொஞ்சம் சத்தமாக ஓடியது. அவர் மேசையின் சாய்வைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடப் பழகினார்.

கை சரியாகி அவள் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை முதலாளி வந்து நின்றார். வெள்ளிக்கிழமை நூறு ஃபிரேமுக்குக் குழாய் வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. சோதனை ஓட்டக்காரி கையெழுத்துப் போடாமல் வெட்டக் கூடாது என்பது கம்பெனி விதி.

"போட்டுடும்மா. அவரு சும்மாவா பண்ணுவாரு," என்றார் முதலாளி.

"போடறேன் சார். மாமா ஒரு தடவை மேலேருந்து கீழே ஓட்டிட்டு வரட்டும். வந்து நல்லாயிருக்குன்னு சொன்னா, நான் கண்ணை மூடிட்டுப் போடறேன். எனக்கு ஒரு எலும்புதான் போச்சு. நூறு வண்டின்னா நூறு பேரு."

பட்டறையில் கிரைண்டர் நின்றது. அரை டிகிரியார் நூறு பேரும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, "அதுக்கென்ன," என்றார். உண்மையில் பார்த்தவர்கள் ஆறு பேர்.

மறுநாள் காலை லாரியில் ஏறினார். இரவல் ஹெல்மெட், முழங்கால் கவசம், பையில் பேனா, ஹெல்மெட்டுக்குள் எப்படியோ பென்சில். லாரியில் மேலே போகும் வழியில் தெறித்த சேறு வண்டி முழுக்க அப்பியிருந்தது. அவள் நான்கு நிமிடத்தில் இறங்குகிற பாதை அது. கீழே வெல்டர் ஒரு தேநீர் குடித்தார். இன்னொன்றும் குடித்தார். பத்தொன்பதாவது நிமிடம் பிரேக்கின் கிரீச்சொலி முதலில் வந்தது. சற்றுப் பொறுத்து அவர் வந்தார். வயதான ஒருவர் கடைக்குப் போய்த் திரும்புகிற வேகம். முகத்தில் ரத்தம் இல்லை, ஆனால் வாய் மட்டும் சிரித்தது.

"பூ மாதிரி இருக்கு. மூணாவது பள்ளத்துல நீ சொன்ன உதை எங்கே? எனக்கு ஒண்ணும் உதைக்கலையே?"

தன்மேல்தான் பிழையோ என்று இரண்டு மாதமாக அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் இப்போது உறுதியாகிவிட்டது போலிருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கக் கையை நீட்டக்கூடப் போனாள். வெல்டர்தான் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, அவரையும் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"சார், கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினார்.

"வண்டியெல்லாம் சேறு இருக்கு, சீட் மட்டும் துடைச்ச மாதிரி இருக்கேன்னு பாத்தேன். சீட்டு சேறு பூரா சார் பேண்ட்ல."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு மீசையில் உண்மையிலேயே ஒட்டவில்லை. ஒட்டிய இடம் வேறு.

"மாமா," என்றாள் அவள் மெதுவாக, "மேலேருந்து கீழே வரைக்கும் உக்காந்தேவா வந்தீங்க?"

"பின்னே? சீட் எதுக்கு இருக்கு?"

"அது முட்டியை அண்டக் கொடுக்க. இந்த வண்டியில எவனும் உக்காரமாட்டான் மாமா. பெடல் மேல நின்னுதான் இறங்கணும். உக்காந்தா உங்க வெயிட் பூரா பின்னாடி போயிடும், நல்லாத்தான் அமுங்கும். நின்னா பாதி முன்னாடி வந்துடும், பின்னாடி அமுங்காம உதைக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த முப்பதை எப்படி அளந்தீங்க?"

ஒன்பது மாதமாகத் தேநீர் நேரத்தில் அவர் சுவரில் கை ஊன்றி உட்கார்ந்ததை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். 'அவ எடையும் என் எடையும் ஒண்ணுதான், அவளை ஏன் தொந்தரவு பண்ணணும்' என்று சொல்லிச் சொல்லியே உட்கார்ந்தார். ஸ்பிரிங்கின் கடினம், ஷாக்கை ஃபிரேமோடு பிணைக்கும் இணைப்புத் தகட்டின் துளை, அரை டிகிரி, எல்லாமே அந்த உட்காரலிலிருந்து பிறந்தவை. உலகத்திலேயே முதல்முறையாக, தலைதெறிக்கப் பாயும் ஒரு வண்டி, உட்கார்ந்தே வரைகிற ஒருவரின் பிருஷ்டத்துக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டிருந்தது.

மனிதர் முட்டாள் இல்லை, அதுதான் பாவம். முட்டாளாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் வாதாடியிருப்பார். இவருக்கு உடனே கணக்கு ஓடிவிட்டது. கண் அவளுடைய இடது தோளுக்குப் போய், அங்கே நிற்க முடியாமல் வண்டிக்குத் திரும்பியது.

பட்டறைக்கு வந்ததும், வெல்டர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, பெடல்மேல் ஏறி நின்றார். நின்றுகொண்டே குனிந்து வளையத்தைப் பார்க்க முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம், "நீ பாத்துச் சொல்லு," என்றார்.

"பத்தொம்போது."

"சரியாப் பாரு. அரை கிரை இருக்கும்."

"பத்தொம்போதுதான் மாமா."

அன்றிலிருந்து இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. இணைப்புத் தகட்டின் துளையை நான்கு மில்லிமீட்டர் நகர்த்தி வரைந்தார். வெல்டர் புதுத் தகடு வெட்டிப் பொருத்தினார். வியாழக்கிழமை அவள் ஓட்டினாள். மூன்றாவது பள்ளத்தைத் தாண்டியதும் அவள் போட்ட கூச்சல் கீழேவரை கேட்டது. வளையம் தண்டின் முனைக்கு ஒரு நகக்கண் இடம் விட்டு நின்றது. அவள் வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, "இப்பத்தான் மாமா இது வண்டி," என்றாள். அவர் ஹேண்டிலைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. பன்னிரண்டாவது தாளில் முந்தைய கோளாறுக்கும் காரணம் எழுதியாக வேண்டும். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை டிகிரியார் தாளை வெகுநேரம் நேராக்கினார். முதலில் 'இருக்கை' என்று எழுதினார். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"சீட் என்ன மாமா பாவம் பண்ணிச்சு?"

ரப்பரால் அழித்தார். பென்சிலில்தான் எழுதியிருந்தார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாம் முறை கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். அவள் வாங்கி, எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். கட்டத்தின் மூலையில், கொசுக்கால் கனத்தில், பென்சிலிலேயே 'வரைந்தவர்' என்று இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. தாளை மேசைமேல் விரித்து அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையை அவர் சட்டைப் பைக்கு நேராக நீட்டினாள்.

"பேனா."

அவர் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மூடியைத் தன் உள்ளங்கைக்குள் பத்திரமாக இறுக்கிக்கொண்டு, பேனாவை மட்டும் நீட்டினார்.