இடுப்பில் இருக்க வேண்டிய சாவி

சாயங்காலம் நாலே கால் மணிக்கு என் மகனிடம் கையை நீட்டிச் சாவியைக் கேட்டேன். அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் கெட்டது.

அன்று ஆயுத பூஜை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் இருந்த ஃபேன் வீட்டில் வேலை. ஆண்டர்சன்பேட்டையில் பெண் பேசி, தை மாதம் கலியாணம் என்று வைத்திருந்தோம்.

அந்த ஃபேனுக்கு ஆளைவிட உயரமான நாலு இரும்பு இதழ்கள். ஒரு சின்ன நீராவி இன்ஜின் அவற்றைச் சுழற்றும். காற்று குழாய் வழியே கீழே ஆட்கள் வேலை செய்யும் லெவல்களுக்குப் போகும். ஓடும்போது இதழ்கள் கண்ணுக்கே தெரியாது, பின்னாலுள்ள சுவர்தான் தெரியும். ஆனால் இரைச்சலே ஆளை விரட்டிவிடும். நின்றிருக்கும்போது யாருக்கும் பயம் வராது. உள்ளே கொஞ்சம் ஆவி தங்கியிருந்தால், கையால் லேசாக அசைத்தாலே இன்ஜின் உதைத்துக்கொண்டு சுற்றும். முந்தின வருஷம் ஒரு தெலுங்குக்காரர் அப்படித்தான் செத்தார்.

அதற்குப் பிறகு ஒரு பலகை வைத்தார்கள். இதழைத் தொடுமுன் ஆவிக்குழாயை முழுக்க மூடி, அதைத் திருகி மூடும் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். டைம் ஆபீஸில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரான நான்தான் அதைத் தமிழில் எழுதினேன். தினமும் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, "சாவி?" என்பேன். "இங்கதான் சொருவிக்குவேன் நைனா" என்று இடுப்பைத் தட்டிக் காட்டுவான். அவன் திரும்பி வரும்வரை எனக்கு ஆபீசில் கணக்கு ஓடாது.

அந்தப் பயம்தான் அன்றைக்கும் என்னை அங்கே கொண்டுபோனது. மேஸ்திரி வாழையிலையில் சுத்தியல், ஸ்பானர், கடப்பாரை எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். சாவி மட்டும் இல்லை. அதற்கும் குங்குமம் வைத்தால் ஒரு வருஷத்துக்கு அந்த மெஷின் என் பிள்ளையைத் தொடாது என்று நினைத்தேன். படித்தவன் நான். அப்படித்தான் நினைத்தேன்.

அவன் குழாயை மூடிக்கொண்டிருந்தான். ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது.

"குடு."

"இரு நைனா, இன்னும் முழுசா மூடல. இடுப்புலதான் இருக்கணும்னு நீதான சொன்ன?"

"அதான் நின்னுபோச்சே. நல்ல நேரம் போவுது, குடுடா."

மேஸ்திரி சிரித்தார். "இன்னா ரைட்டரே, புள்ளைகிட்டயே சாவிய புடுங்கறீங்க? தையில மருமவ வந்தா அவகிட்ட இன்னாத்த புடுங்குவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே சாவியைக் கழற்றிக் கொடுத்தான்.

சாவிக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, ஆத்தா படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டியானதும் இதழ்களுக்குச் சாமந்தி மாலை கட்டினார்கள். மூன்றுக்குக் கட்டியாயிற்று. நாலாவது உச்சியில் நின்றது, எட்டவில்லை.

"மேஸ்திரி, சாவிய ஒருவாட்டி குடுங்க. ஆவிய முழுசா மூடிட்டு றெக்கைய இறக்கறேன்" என்றான் என் மகன்.

"ஆத்தா முன்னால வெச்சத விடியறதுக்குள்ள எடுப்பாங்களா? இன்னாடா இப்படி நடுங்கற? ரைட்டரு பெத்தது ரைட்டரு மாதிரியே இருக்குது."

மறுபடியும் சிரிப்பு. அவன் என்னைப் பார்த்தான். எடுத்துக்கொள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இத்தனை பேர் எதிரில் பயந்தவனாக நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சும்மா இழுடா. நின்னுதான கெடக்குது" என்றேன்.

இழுத்தான். உஸ்ஸென்று ஒரு சத்தம். சாமந்தி இதழ்கள் எங்கள் மேலெல்லாம் தெறித்தன. முகத்தில் ஒட்டியதைத் துடைத்தேன். பூ என்றுதான் நினைத்தேன். துடைத்த கையைப் பார்த்த பிறகுதான் அவன் பக்கம் திரும்பினேன்.

விடியுமுன் எடுக்கக் கூடாத சாவியை மேஸ்திரியே ஓடிப்போய் எடுத்துவந்தார். அதில் பூசியிருந்த சந்தனத்தில் அது வழுக்கி இரண்டு தரம் கீழே விழுந்தது. அதற்குள் ஃபேன் முழு வேகத்தில் ஓடி, இதழ்கள் மறைந்து, சுவர் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, "டாக்டர் தொரை வந்து பாத்துதான் சொல்லணும்" என்றார். துரை பேத்தமங்களா ஏரிக்கு வாத்து சுடப் போயிருந்தார்.

"கை இருக்குதா நைனா?" என்று மகன் கேட்டான்.

"இருக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "வெரல அசைக்கறேனே, அசையுதா பாரு" என்றான்.

துணி அசையவில்லை. அசைகிறது என்றேன்.

மேஸ்திரி வாசலில் நின்று தலையை நீட்டினார். "ஆத்தா உசுர உட்டுவெச்சாளே ரைட்டரே. பூஜ வீண் போவல." அதற்கும் நான் தலையை ஆட்டினேன்.

ஏழு மணிக்கு வண்டி வந்து நின்றது. துரை ஏரிச்சேறு காயாத பூட்ஸோடு உள்ளே வந்து, கட்டைப் பிரித்துப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. நான் யாரென்று டிரஸ்ஸர் சொன்னதும் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். மகன் எங்கள் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபேன் வீட்டுப் பலகையைத் தமிழில் எழுதினவன் நீதானே?"

"ஆமாம் துரை."

"அப்படியானால் இதையும் நீயே தமிழில் சொல்லிவிடு. முழங்கைக்குக் கீழே எடுத்துவிடப் போகிறேன்."