பொட்டு வைத்த குஞ்சு

நீல முட்டையை நான் முதலில் பார்த்தது பெங்களூரில், சின்ன மகள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா சமையலறையில். ஒரு கூடை நிறைய! வெளுத்த ஆகாய நிறம். அந்த நிறத்தில் புடவை நெய்தால் கடையில் முதலில் அதுதான் போகும். நான் நம்பவில்லை. தறி வீட்டுக்காரி கை சும்மா இருக்குமா? கட்டைவிரலை எச்சில் தொட்டு முட்டைமேல் அழுத்தித் தேய்த்தேன். பட்டில் சாயம் நிற்கிறதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொன்றைத் தேய்த்தேன். அப்புறம் இன்னொன்று. அந்தம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"சாயம் இல்லம்மா, அந்தக் கோழி போடறதே அப்படித்தான்" என்றார். அவர் தம்பி எங்கிருந்தோ கொண்டுவந்த வெளிநாட்டு ஜாதியாம், மொட்டைமாடியில் வளர்த்தார்கள். நான் வாய் பிளந்து நின்றதைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, அடைவைக்கச் சில முட்டைகள் கொடுத்தார். "பொரிச்ச அன்னிக்கே பெட்டை எது, சேவல் எதுன்னு சொல்லிடலாம். முதுகையும் தலையையும் பாருங்க" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. முழுசாகக் கேட்காமல் தலையாட்டிவிட்டு ஓடினேன்.

தவிடு நிரப்பிய தூக்குச்சட்டியில் முட்டைகளைப் புதைத்து மடியில் வைத்துக்கொண்டு ஆரணி வந்து சேர்ந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் தூக்கை மேலே தூக்கிப் பிடிப்பேன். பக்கத்துச் சீட்டுக்காரர் சாமி ஊர்வலம் என்றே நினைத்திருப்பார்.

வீட்டில் அடைக்கோழி இல்லை. எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, வாரம் என்பார்கள். ஒருத்தி கோழி, இன்னொருத்தி முட்டை, குஞ்சில் சரிபாதி. அவள் யோசிக்கவே இல்லை.

"ஆடிக்கு அம்மனுக்கு, என் கோழி பொரிக்கிற சேவல்ல ஒண்ணுன்னு நேந்துகினு கீறேன் யக்கா. சேவலை எனக்குக் குடு, பொட்டையை நீ வெச்சிக்கோ."

எனக்கு வேறென்ன வேண்டும்? என் வீட்டில், என் கூடையில், ஒரு நீல முட்டை விழவேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

தறிக்குப் பக்கத்தில் பழைய கூடையில் கழிவுப் பட்டு நூலைப் பரப்பி, அவள் கோழியைக் கொண்டுவந்து அடைவைத்தேன். மாசி மாசம் பொரித்தது. கூடைக்குள் கீச்கீச்சென்று சத்தம் கேட்டதும் தெருவையே கூப்பிட்டேன். ஆறு குஞ்சு! மூன்றுக்கு முதுகில் கழுத்திலிருந்து வால்வரை அழுத்தமான பழுப்புக் கோடு, கரை நெய்தது போலச் சுத்தம். கண்ணோரம் மை தீட்டினதுபோல வேறு. மற்ற மூன்றுக்கும் கோடு கலங்கி, சாயம் இறங்கின துணி மாதிரி இருந்தது. ஆனால் உச்சந்தலையில் வெள்ளையாக ஒரு பொட்டு!

அந்தம்மா தலையைப் பாருங்கள் என்று சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"பொட்டு வெச்சிகினு கீது பாரு! இதுங்கதான் பொட்டை" என்றேன்.

"கரெக்டு யக்கா. பளபளன்னு கோடு போட்டுகினு கீறது சேவல்தான். நாட்டுக்கோழியில சேவலுக்குத்தானே சோக்கு ஜாஸ்தி?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும் இழை ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டு, "மை தீட்டிகினு கீறது இன்னா ஆம்பளையா? எதுக்கும் பெங்களூருக்கு ஒரு போன் பண்ணிக் கேளு" என்றார்.

"உங்க வேலையைப் பாருங்க. பொட்டு வெக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்று அடக்கிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்தி இப்போது சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

பிரித்தாயிற்று. என் குஞ்சுகளின் காலில் சிவப்புப் பட்டிழை, அவளுடையவற்றுக்குப் பச்சை. பட்டு இழுத்தால் நீளாது, காலை அறுத்துவிடும். அதனால் கால் தடிக்கத் தடிக்க அவிழ்த்துக் கட்டுவேன். ஊறவைத்த நொய், கறையான் புற்று மண், கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் என்று பேறுகாலத்துப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பித்ததும் பச்சைக் கால்கள் எதிர்வீட்டுக்குப் போயின.

ஒருநாள் காலையில் எண்ணெய் காணாத ராட்டை சுற்றுவதுபோல ஒரு சத்தம். வெளியே ஓடினேன். என் பொட்டுக்காரி சுவரில் ஏறிக் கழுத்தை நீட்டிக் கூவுகிறாள்! சிவப்பு இழை, பெரிய கொண்டை. மற்ற இரண்டும் கீழே நின்று கூவிப் பழகுகின்றன. வீட்டுக்காரர் சிரித்ததில் நாடா கை நழுவிப் போனது.

பெங்களூருக்குப் போன் போட்டேன். "தலையில வெள்ளைப் பொட்டு இருந்தா சேவலாம்மா, கோடு சுத்தமா இருந்தா பெட்டையாம்" என்று மகள் கேட்டுச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் வாயில் கைவைத்தாள்.

"அடிப்பாவி யக்கா! மூணு பொட்டையா எங்கிட்ட கீது? அப்ப அம்மனுக்கு நான் இன்னா சொல்லுவேன்?"

"அதான் எங்கிட்ட மூணு சேவல் கீதே. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாம்."

"நீல முட்டை போடப்போற கோழியை யார்னா குடுப்பாங்களா? பேஜார் பண்ணாத யக்கா. கடைத்தெருவுல வேற சேவல் பாத்துக்கறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆடியும் பிறந்தது. நேர்ந்துகொண்டது நம் கோழி பொரித்த சேவலைத்தானே என்று அவள் மாமியார் ஒரே பிடியாக நின்றுவிட்டாராம். ஒருநாள் மத்தியானம் அவளே இறங்கி வந்தாள். "சரி, ஒண்ணு குடுக்கறேன். ஜல்தி புடி, என் மனசு மாறிடும்."

அவள் வீட்டில் ஒன்றை நாங்கள் துரத்த, இன்னொன்று எங்கள் காலுக்கிடையில் புகுந்து தெருவைத் தாண்டி என் வீட்டுக்குள் ஓடியது. நேராகத் தறிக்குப் பக்கம், தான் பொரிந்த அதே கூடையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவில்லை. அவள் கிட்டே போனால் சீறியது.

"அதை வுடு. ஒரு மாதிரியா உக்காந்துகினு கீது" என்று வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கோழி ஒருமுறை எழுந்து நின்றது, உடம்பை உதறியது, அப்புறம் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டு கூடையைவிட்டுக் குதித்தது.

கலைந்துகிடந்த பட்டு நூலுக்கு நடுவில், சின்னதாக, சூடாக, நீலமாக!

நான் கையில் எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள். கட்டைவிரலை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள், முட்டையைத் திருப்பி இன்னொருமுறை தேய்த்தாள்.

"போவலியே யக்கா" என்றாள். முட்டையை என் கையில் வைத்துவிட்டு, கூவிக்கொண்டிருந்த சேவலைப் பிடிக்கப் போனாள்.