கேள்விப் பெட்டியில் விழுந்த காலண்டர் தாள்

என் கோப்பில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் ஆவணி மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை. பின்பக்கம், பேனாவை அழுத்தி எழுதிய சில வரிகள்: "ஐயா, மழைக்கு வாரிப் போட்ட அம்பாரத்துல கிழக்குப் பக்கம் உள்ளது குறுவை நெல்லு மாதிரி இருக்கு. அதுக்கு ஏன் சம்பா சீட்டு கட்டுறோம்?"

வியாழக்கிழமைத் தாளை வெள்ளி காலையில்தான் கிழிப்பார்கள். ஆகவே எழுதியது வெள்ளிக்கிழமை என்று கொள்கிறேன். அன்று பிற்பகல்தான் அது முதலாளியின் கைக்கு வந்தது.

குத்தாலம் பக்கம், விதை நெல்லைச் சுத்தம் செய்து மூட்டை பிடிக்கும் ஒரு தனியார் நிலையத்தில் அப்போது நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படிப்பதும், தேதி போட்டுக் குறிப்பு எழுதி வைப்பதும் என் பொழுதுபோக்கு. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆடி மாதம் முதலாளி தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போய் வந்தார். நல்ல தலைவர் ஊழியர்களின் கேள்விகளை வரவேற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்த வேகத்தில் தகரப் பெட்டி ஒன்றுக்கு வர்ணம் அடித்து வாசலில் மாட்டினார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பெயர் போட வேண்டாம் என்றார். மூட்டைகளில் ரகத்தின் பெயர் எழுதிய சீட்டு கட்டும் பெண்களில் ஒருவர், "போட்டா பரிசு ஏதும் விழுமாங்க?" என்று கேட்க, முதலாளியும் சிரித்தார்.

முதல் வாரம் வந்த சீட்டுகளில் ஒன்று, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்போது வரும் என்று கேட்டது. அதை எல்லோர் முன்னாலும் இழுத்து இழுத்துப் படித்துக் காட்டி, "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாழ்ப்பாள் வரவில்லை. பிறகு பெட்டியில் பிஸ்கட் உறைகள்தான் விழுந்தன.

அதற்கப்புறம் வந்ததுதான் காலண்டர் தாள். அதில் கேட்டிருந்தது சின்ன விஷயம் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பு திடீர் மழையில், களத்தில் காய்ந்துகொண்டிருந்த சம்பா, குறுவை என இரண்டு ரக நெல்லையும் அவசரமாக ஷெட்டுக்குள் வாரி, கிழக்கிலும் மேற்கிலும் அம்பாரமாகக் குவித்திருந்தோம். குறுவை நெல் குறுகிய காலப் பயிர். அதைச் சம்பா என்று நம்பி ஆவணியில் விதைத்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் பூத்துப் பதராகப் போகும். ஒரு குடும்பத்தின் ஒரு போகம் முழுக்க வீண்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

"யாரு எழுதுனது இது? நீங்கதான் கல்வெட்டே படிக்கிற ஆளாச்சே."

எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு பெண்ணின் கையெழுத்து மட்டும் அடுத்த பக்கத்திலும் தடம் பதியும்படி அழுத்தமாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் பெயரைச் சொல்லிவிட்டேன். விவரம் கேட்கத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணை வரவழைத்து, "விதையப் பத்திப் படிச்சது நானா, நீயா?" என்றார்.

"நான் படிக்கலைங்க. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து நடவுக்கும் அறுப்புக்கும் போயிருக்கேன். நெல்லு தெரியும்."

"பெட்டி வெச்சது யோசனை சொல்றதுக்கு. குத்தம் கண்டுபிடிக்க இல்ல."

"குத்தம் சொல்லலைங்க. கேள்விதான் கேட்டேன். கேக்கச் சொன்னதே நீங்கதான்."

மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். வெளியே போகிறபோது அந்தப் பெண் என் மேசையருகே நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"என் எழுத்து உங்களுக்கு நல்லாத் தெரியுது சார். நெல்லைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிழக்குப் பக்க நெல்லில் ஒரு கை அள்ளி, தேதி போட்டு நானே எடுத்து வைத்திருந்த மாதிரிப் பைகளோடு ஒப்பிட்டேன். சந்தேகமே இல்லை, குறுவை நெல்.

முதலாளியிடம் போனேன். அவர் முகம் மாறியது. ஷெட்டில் இருந்த மூட்டைகளின் சீட்டுகளைச் சத்தமில்லாமல் அறுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாமே என்றேன். "ஆளுங்க முன்னாடி நான் தலை குனியணுமா?" என்றார். அன்று காலை சம்பா மூட்டைகளோடு பேராவூரணிக்குப் போன லாரியைப் பற்றிக் கேட்டேன். அது மேற்குப் பக்க நெல்தான் என்றார். அங்குள்ள விதைக் கடைக்காரருக்கு ஒரு போன் செய்து மூட்டையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம் என்றதற்கு, நிலையத்தின் பேர் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்தால் நானே செய்திருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கேட்கச் சொல்லிவிட்டு, கேட்டது யார் என்று வேட்டையாடுவதற்குப் பெயர் தலைமையா? பெட்டியே இல்லாத இடத்தில் யாரும் ஏமாற மாட்டார்கள். எங்கள் வாசலில் இருந்தது பெட்டி அல்ல, பொறி. பொறியின் கதவைச் சாத்தியது என் கை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வெள்ளிக்கிழமை போன லாரி எந்த ஊருக்கு சார்? விதைச்சிருப்பாங்களா?" என்றுதான் கேட்டார். அங்கிருந்தபடியே கடைக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாம் விற்றுப்போயிற்று, யார் யார் வாங்கினார்கள் என்று நினைவில்லை என்றார்.

அந்த வருடம் கார்த்திகை மழையில் பேராவூரணிப் பக்கம் பலருடைய பயிர் போயிற்று. அதில் எங்கள் மூட்டைகளில் முளைத்ததும் உண்டா என்று நானாக இரண்டு முறை போய் விசாரித்தேன். பதிவேட்டில் மூட்டை எண்ணிக்கையும் வண்டி எண்ணும் கிளம்பிய நேரமும் என் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த அம்பாரத்திலிருந்து ஏற்றினார்கள் என்ற குறிப்பு மட்டும் இல்லை. அந்த லாரியில் போனது சம்பாவா குறுவையா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அன்றே ஒரு போனில் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வியை, இனி யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வியாக்கியவர்களில் நானும் ஒருவன்.