ஈஸ்டர் வரை வாய்தா

மதினி என்னை முதல் முறையாக ‘நீங்க’ போட்டுப் பேசியது ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை ராத்திரி. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய். தட்டை என் முன்னால் வைத்து, தண்ணீர்ச் செம்பையும் பக்கத்தில் வைத்து, “சாப்பிடுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. குழம்பிலும் ஒரு குறையும் இல்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் வா, போ, எந்திரி, தின்னு என்றே பேசிப் பழகியவர் அவர். நல்லதாக நாலு திட்டு விழுந்திருந்தால் வாங்கித் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். மரியாதை கொடுத்து ஆளைத் தள்ளிவைத்தால் என்ன செய்வது?

அப்போது திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் மூன்றே பேர். அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நான் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மதினி கொடைரோட்டுப் பக்கம் மல்லிகை போடுகிற குடும்பத்தில் பிறந்தவர்; நூலக அறிவியல் படித்து, ஊருக்குள் ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகராக இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்லூரியில் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் ஓர் இலவச மென்பொருளில் நடந்தது. பல நாட்டு நூலகர்களும் புரோகிராமர்களும் சேர்ந்து எழுதிப் பராமரிக்கிற மென்பொருள் அது. அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் ஒரு மடலாடற்குழுவில்தான். அந்த முகவரிக்கு ஒருவர் எழுதினால் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். நானும் அதில் இருந்தேன், மதினியும் இருந்தார். இரண்டு பேரும் ஒரே குக்கர் சோற்றைத் தின்கிறவர்கள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அந்த மடல்கள் எனக்கு அஞ்சல் பெட்டியில் வந்து குவியும். மதினிக்கு அது ஆகாது. இப்படிப்பட்ட குழுக்களைச் செய்திக்குழுவாக மாற்றிக் கொடுக்கிற ஒரு சர்வர் இருந்தது. நியூஸ் ரீடர் என்ற பழைய பாணி மென்பொருளால் அதைத் திறந்துவிட்டால் ஒரு மடலும் நம்மைத் தேடி வராது. நாம்தான் அங்கே போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். கறுப்புத் திரை, படம் கிடையாது, மவுஸ் தேவையில்லை. கேள்வி மேலே இருக்கும், அதற்கான பதில் கீழே கொஞ்சம் உள்தள்ளி, அந்தப் பதிலுக்குப் பதில் இன்னும் கொஞ்சம் உள்தள்ளி இருக்கும். காலைச் சமையல் முடிந்து கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அரைமணி நேரம் மதினி ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். வாசலில் கொண்டுவந்து கொட்டினால் குப்பை, நாமாகப் போய்ப் பொறுக்கி எடுத்தால் காய் என்பது அவருடைய நியாயம். அந்தச் சர்வர் வழியாக முதல் தடவை எழுதுகிறவரிடம், எழுதியது நீங்கள்தானா என்று அது திருப்பி ஒரு மடல் போட்டுக் கேட்கும். ஆமாம் என்று சொன்ன பிறகே பதிவு குழுவுக்குப் போகும். பெண் பார்க்க வந்தபோதுகூட உங்கள் வீட்டில் இம்புட்டு விசாரிக்கவில்லையே என்று மதினி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

மதினி புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை. ஒருவர் இன்ன இடத்தில் கோளாறு என்று எழுதுவார், இன்னொருவர் திருத்தம் அனுப்புவார், மூன்றாமவர் அந்தத் திருத்தத்தில் ஓட்டை கண்டுபிடிப்பார். இதையெல்லாம் மூன்று வருஷம் ஒன்றுவிடாமல் படித்தே கற்றுக்கொண்டார். மதினியைக் கேலி செய்வது கொழுந்தனுடைய பிறப்புரிமை அல்லவா? ‘தபால்ல படிச்ச டாக்டர்’ என்று நான் அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தேன். தபாலில் படித்தாலும் ஊசியைச் சரியான இடத்தில் போடுவேன் என்று அவர் திருப்பிக் கொடுப்பார். அண்ணன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருப்பான்.

மதினியிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. குழு என்றால் வாய்த்துடுக்கு ஆட்களும் இருப்பார்கள். அவர்களுடைய பதிவுகள் கண்ணில் படாமல் செய்ய நியூஸ் ரீடரில் வழி உண்டு. ஒரு கோப்பில் அவர்கள் பெயரை எழுதி வைத்தால் போதும். மற்றவர்கள் எழுதி வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவார்கள். மதினி ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு தேதி போடுவார். அந்தத் தேதி வந்ததும் ஆள் தானாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடுவார். இவருக்குப் பத்து நாள், அவருக்கு ஒரு மாதம். கோர்ட்டில் கொடுப்பதுபோல் கொடுத்ததால் நாங்கள் அதை வாய்தாக் கோப்பு என்று சொல்வோம். ஏன் இந்தத் தேதி என்று ஒருமுறை கேட்டேன். இன்றைக்குக் கிறுக்குத்தனமாக எழுதுகிறவன் நாளைக்கு நல்லபடியாக எழுதுவான், அதை நான் பார்க்காமல் போய்விடக்கூடாது என்றார். ஆனால் போட்ட தேதியை நடுவில் மாற்ற மாட்டார். சிபாரிசெல்லாம் செல்லாது.

அந்த வருஷங்களில் மதியம் இரண்டு மணி ஆனால் கரண்ட் போய்விடும். கல்லூரி ஆபீஸ் கட்டடத்தில் இருக்கிற சர்வர் படுத்துவிடும். நூலகக் கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடும். அந்த நேரத்தில் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த புத்தகம் எதுவும் பதிவாகாது. பருவத் தேர்வு வரும்போது நூலகத்தில் பாக்கி எதுவுமில்லை என்று சீட்டு வாங்கினால்தான் ஹால் டிக்கெட். கொடுத்த புத்தகத்தைக் கொடுக்கவில்லை என்று மென்பொருள் சொல்ல, கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மதினியின் மேசை முன்னால் நிற்பார்கள். மதினிக்கு அது பொறுக்கவில்லை. கரண்ட் இல்லாத நேரத்துப் பதிவுகளைத் தனியே சேர்த்து வைத்து, சர்வர் எழுந்ததும் அனுப்புகிற மாதிரி ஒரு திருத்தத்தை ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினார். மென்பொருளின் அதிகாரபூர்வ வெளியீட்டில் வந்தால்தான் கல்லூரியில் போடுவோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வெளியீடு ஈஸ்டர் முடிந்த கையோடு. அதில் சேர வேண்டுமென்றால் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும். மதினி தன் திருத்தத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

அங்கேதான் என் வாய்க்கொழுப்பு வேலை செய்தது. அவருடைய பதிவுக்குக் கீழே முதல் ஆளாக நான் எழுதினேன். அங்கே ஒரு வீண் சுற்று, இங்கே தேவையில்லாத இரண்டு வரி என்று சுட்டிக்காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டு ஞாபகத்தில், “இதை எழுதியவர் பிறருடைய கடிதங்களைப் படித்தே புரோகிராம் கற்றவர் போலிருக்கிறது” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே எழுதினேன். சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே சொன்னால் கேலி. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவில் அதுவே அவமானம். குழுவில் பெயருள்ள ஒருவர், இவ்வளவு அனுபவமில்லாதவர் எழுதியது என்றால் இந்த வெளியீட்டில் வேண்டாமே என்று எழுதினார். இன்னொருவர் ஆமோதித்தார். ஐந்து மாத உழைப்பு என் ஒரு வரியில் ஓரமாகப் போய்விட்டது.

மறுநாள் விபூதிப் புதன்; ஈஸ்டர் வரை கறி தொடாத தவக்காலம் தொடங்குகிற நாள். பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்த மதினி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ ஒரு வரி தட்டிவிட்டு எழுந்து போனார். என் பெயரை அந்தக் கோப்பில் ஏற்றுகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

நேரில் போய், தப்பு என்மேல் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் திமிர். எல்லார் முன்னாலும் செய்த தப்புக்கு எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே பெரிய மனுஷத்தனம் கற்பித்துக்கொண்டேன். முதலில் அவருடைய திருத்தத்தை என் கணினிகளில் போட்டு இரண்டு நாள் சோதித்துப் பார்த்தேன். உள்ளபடியே நன்றாக இருந்தது. ஒரே ஒரு குறை: ஒரு மேசையில் திரும்பி வந்த புத்தகத்தை இன்னொரு மேசையில் உடனே வேறு பிள்ளை எடுத்துக்கொண்டால், பிறகு அனுப்பும்போது வரிசை மாறிப்போனது. குழுவில் நீளமாக எழுதினேன். அந்தக் குறையை முதலில் சொன்னேன். பிறகு, இவர் என் அண்ணனின் மனைவி, வீட்டில் செய்கிற கேலியை இங்கே கொண்டுவந்தது என் மடத்தனம், அதற்கு வெட்கப்படுகிறேன், இந்த வேலை வெளியீட்டில் சேரத் தகுதியானது என்று எழுதினேன்.

குழுவில் ஒரு மரபு உண்டு. பதில் எழுதுகிறவர் முந்தையவர் எழுதியதில் தமக்கு வேண்டிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டிவிட்டு, அதற்குக் கீழே எழுத வேண்டும். வெட்டாமல் எழுதுகிறவர்களை மதினியே கண்டிப்பார், நானும் கண்டிப்பேன். என் பதிவுக்கு வந்த பதிலும் அந்த மரபை அப்பழுக்கில்லாமல் காப்பாற்றியது. ‘இவருடைய திருத்தத்தில் ஒரு குறை இருக்கிறது’ என்ற என் முதல் வரியையும் குறை என்ன என்ற விவரத்தையும் என் பெயரோடு வைத்துக்கொண்டு, மன்னிப்பு முழுவதையும் வெட்டிவிட்டு, “சரியாகச் சொன்னீர்கள்” என்று முடிந்திருந்தது. என் பதிவு மதினிக்குத் தெரியாது. இந்தப் பதில் தெரியும். அவர் கண்ணில் பட்டது நான் இரண்டாம் தடவை அடித்த அடி மட்டும்தான். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிதான் “சாப்பிடுங்க” என்றார்.

நானோ, மன்னிப்புக் கேட்ட பிறகும் இந்த அம்மாவுக்கு இம்புட்டு வீம்பா என்று நினைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் வாங்க, போங்க என்றே ஓடியது. பொறுக்கமாட்டாமல் அண்ணன்தான் ஒரு நாள் என்னை மாடிக்குக் கூட்டிப்போனான்.

“ஒனக்கு ஈஸ்டர் வரைக்கும் வாய்தாவாம்லடா. நீ என்னத்த எழுதுனாலும் அவளுக்குத் தெரியாதாம்.”

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. நடந்தது எல்லாம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று இறங்கி வந்தேன். மதினி கல்லூரியிலிருந்து வந்திருக்கவில்லை. காத்திருக்கிற நேரத்தில் குழுவைத் திறந்தேன். மதினியின் புதிய பதிவு ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. வெட்டுப்பட்டு எஞ்சிய அந்த நாலு வரியை வைத்தே, வரிசை மாறுகிற குறையைச் சரிசெய்து திருத்தத்தை மறுபடி அனுப்பியிருந்தார். யார்மேலும் ஒரு வார்த்தை புகார் இல்லை. கடைசியில், குறையைக் கண்டு சொன்னவர் என்று ஒரு வரி. அதில் என் பெயர், இனிஷியலோடு, முழுதாக.

அப்படிப் போட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நான் திரும்பத் திரும்பக் குத்துகிறேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் விழிக்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்த ஆளுக்கு, அவன் சொன்னதில் சரியானது இருந்தது என்பதற்காக, சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வந்ததை விழுங்கினேன். இதற்குப் பிறகு போய், நானும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் என்று சொன்னால் அது அவர் செய்ததில் பங்கு கேட்கிற மாதிரி இருக்கும் என்று பட்டது.

குழு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து வந்து வேலையாக இருந்த என்னை, “கறி ஆறுது, வந்து தின்னு” என்று மதினி கூப்பிட்டார். தேதி வந்துவிட்டது, அவ்வளவுதான். விளக்கமும் இல்லை, விசாரணையும் இல்லை. அந்தப் பருவத் தேர்வில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஹால் டிக்கெட்டுக்கு அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று பிறகு அண்ணனிடம் சொல்லிக் குதித்தாராம்.

இப்போது அண்ணனும் மதினியும் கொடைரோட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குழுக்களில் பாதி இணையப் பக்கங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அந்தச் செய்திக்குழுச் சர்வருக்கும் முகவரி மாறிவிட்டது. மதினி மட்டும் அதே கறுப்புத் திரையில்தான் இன்னும் படிக்கிறார். கரண்ட் இல்லாத நேரத்துப் பதிவுகளைக் கவனிக்கிற பகுதிக்கு அந்த மென்பொருளில் அவர்தான் இப்போது பொறுப்பாளர். திருத்தம் அனுப்புகிறவர்கள் எல்லாம் அவர் சரி சொல்லக் காத்திருக்கிறார்கள், நானும்தான். போன மாதம் அவருக்குப் புது லேப்டாப் அமைத்துக் கொடுக்கப் போனேன். பழைய கோப்புகளை மாற்றும்போது வாய்தாக் கோப்பும் வந்தது. எல்லாம் கெடு முடிந்த பெயர்கள். நடுவில் என் பெயர், நேராக அந்த வருஷத்து ஈஸ்டர் தேதி.

இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததை அப்போது சொன்னேன். மதினி, அன்றைக்கு நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன், நீங்கள் பார்க்கவே இல்லை என்றேன். மதினி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்தப் பதிவு பழைய மடல்களோடு இன்றும் இருக்கிறது, ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருகிறேன் என்று நான் தேட ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வேணாம் அப்பு. கேட்டதுக்கப்புறம் மன்னிக்கிறத ஊர்ல எல்லாரும்தான் செய்றாக. நீ கேக்கவே இல்லன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் ஒன்னைய மன்னிச்சேன். இப்ப அதப் படிச்சு, செஞ்சத கொறச்சுக்கணுமா நான்?”