மாமா வெட்டிய இரண்டாவது சரணம்

என் பாட்டில் பாதியை வெட்டியெறிந்தவர் என் சொந்தத் தாய்மாமன். நான் பெரியமனுஷி ஆனபோது அவர் தூக்கிக்கொண்டு வந்த சீர்த்தட்டைக் காலால் தள்ளினேன். ஏழாம் வகுப்பில் போன ஒரு சரணத்துக்காக இவ்வளவு ஆத்திரமா என்று சொந்தபந்தம் எல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது நாங்கள் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தோட்டத்து ஓட்டு வீட்டில் இருந்தோம். மாமா பாலக்கோட்டில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவர். தன் பழைய லேப்டாப்பில் பாட்டு சேர்க்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு எனக்கும் தம்பிக்கும் கொடுத்திருந்தார். பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் வகுப்பு ஆடுவதற்கு நானே ஒரு பாட்டு எழுதினேன். கை காட்டினாலும் நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸைத் திட்டுகிற பாட்டு. எல்லோரும் சினிமாப் பாட்டுக்கு ஆடும்போது நாங்கள் மட்டும் சொந்தப் பாட்டுக்கு ஆடப்போகிறோம் என்று பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

எங்கே உட்கார்ந்து பாடினால் எதிரொலிக்காது என்று மாமாவிடம் போனில் கேட்டேன். கேழ்வரகு மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் பாடு என்றார். நல்ல யோசனைதான். மூட்டைகளுக்கு நடுவில் குரல் கணீரென்று விழுந்தது. தம்பி பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அடித்தான். பல்லவியை இருவரும் சேர்ந்து பாடினோம். சரணம் இரண்டும் நான் மட்டும். இரண்டாவது சரணத்தின் கடைசியில் மேலே போய் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடினேன். சாயந்திரம் ஒரே ஒரு தடவை நான் நினைத்தபடி வந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோனேன். பள்ளிக் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை. சாஃப்ட்வேருக்கு மட்டும் புரிகிற ஃபைலை அப்படியே அள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அதைப் பாட்டாக மாற்றி வெளியே எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

"நாளைக்குக் காலைல பாட்டு வரணும். இல்லைன்னா சினிமாப் பாட்டுதான்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். பின் வரிசையில் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே மாமாவுக்குப் போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

திரையில் மூன்று கோடுகள். பக்கெட்டுக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று, என் சரணங்களுக்கு ஒன்று. மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கெட் சத்தத்தைக் குறைத்தார், தலையை ஆட்டினார், சிரித்தார். இரண்டாவது சரணம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஓட்டி ஓட்டி அதே இடத்தைக் கேட்டார். எங்கள் வீட்டு உள்சுவர்கள் ஓடு வரைக்கும் போகாது, மேலே இடைவெளி இருக்கும். மூட்டை அறைக்கு அந்தப் பக்கம் சமையலறை.

"பின்னாடி சத்தம் வருது பாப்பா."

ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக் கேட்டேன். "ஒன்னுமில்லியே மாமா. அப்பா அம்மாவ அடிக்கறதுதான் கேக்குது."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மிக்ஸி ஓடினால் நிறுத்துவோம், நாய் குரைத்தால் நிறுத்திவிட்டு மறுபடியும் பாடுவோம். இதற்காக நிறுத்த வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மாமா என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பாடிக் கொடு என்றார். ஒத்திகையில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, காற்றுதான் வந்தது. அவர் என்னென்னவோ பொத்தானைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் அந்தச் சரணத்தை முழுசாகப் பிடித்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் தம்பியின் பக்கெட்டை இழுத்து ஒட்டினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். அவர் கையை உதறக்கூட இல்லை. பாட்டை எம்பி3 ஆக்கி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

அதற்குள் அப்பா தக்காளி மண்டியிலிருந்து திரும்பிவிட்டார். "மாப்ள, கறி எடுத்தாந்திருக்கறேன். சாப்பிட்டுட்டுதான் போவணும்."

"சரிங்க மாமா."

சரிங்க மாமா! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். "அவனுக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு" என்றார் அப்பா. மாமா அதையும் தின்றார். தட்டை விட்டுத் தலை தூக்காமல் தின்று, கை கழுவி, ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆண்டு விழாவில் பாட்டு ஒலித்தது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பக்கெட் அடித்தது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். தம்பியைத் தலைமையாசிரியர் மேடைக்குக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். என்னை ஒரு நாயும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பி முன்னால் ஓடினான். அம்மா என் பக்கத்தில் வந்தாள்.

"ரெண்டாவது சரணம் வரவே இல்லியே கண்ணு. அன்னைக்கு நீ பாடுனது எனக்கு நல்லாக் கேட்டுச்சே."

"மாமாதான் வெட்டிட்டாரு. பின்னாடி நீ அழுவற சத்தம் வருதாம்."

அம்மா நின்றுவிட்டாள். "அவன் கேட்டானா?"

"ஹெட்போன் மாட்டி நாலஞ்சு தடவ கேட்டாரு."

"கேட்டுட்டு?"

"வெட்டிட்டாரு."

"வேற ஒன்னும் சொல்லலியா?"

"இல்ல."

"ஒன்னுமே சொல்லலியா?" என்று மறுபடியும் கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பாட்டுக்காகக் கோபப்பட ஒரு ஆளாவது இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.